மனித முகம் காணாமல் வளர்ந்த புலிகள்

அன்புள்ள தங்கைக்கு,

மீட்கப்பட்ட காட்டு விலங்கை மீண்டும் காட்டில் விடுவது, கூண்டின் கதவைத் திறக்கும் ஒரு நாள் நிகழ்ச்சியாகவே செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் காட்டப்படுகிறது. அந்தக் கதவு திறப்பதற்கு முன்னர் நடைபெறும் ஆயத்தம் புலி போன்ற இனங்களில் ஓராண்டுக்கு மேலும், யானையில் பல ஆண்டுகளும் நீள்வது. அதில் பெரும்பகுதி யாருடைய கண்ணிலும் படாமல் செய்யப்பட வேண்டிய வேலை. கால்நடை மருத்துவம் பயின்று வனவிலங்குப் பணிக்குச் செல்ல வேண்டும் என்று நீ கொண்டிருக்கும் விருப்பத்துக்கு அந்த ஆயத்தத்தைப் பற்றிய அறிவே முதற்பாடமாக அமையத் தக்கது என்பதால், இக்கடிதம் அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ரஷ்யாவின் தூரக்கிழக்கில், தாயை இழந்த புலிக்குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கு அனுப்பிய முயற்சி இங்கே விரிவாகச் சொல்லப்படும். பெரிய ஊனுண்ணி ஒன்றை மனிதர் வளர்த்துத் திருப்பி அனுப்ப முடியுமா என்று அறிஞர்கள் நெடுநாள் ஐயுற்றிருந்த நிலையில், ஆண்டுக்கணக்கான கண்காணிப்போடு அதற்கு விடை தந்த முயற்சி அது.

ஆயத்தத்தைத் தொடங்கும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குட்டிக்கு மீட்பு தேவைதானா என்பதே அது. தனியாகத் தென்படும் குட்டிகள் எல்லாம் தாயற்றவை அல்ல. மான் தன் குட்டியைப் புற்செறிவில் படுக்கவைத்துவிட்டு மேயச் செல்கிறது. கரும்புக்காட்டில் குட்டி ஈன்ற சிறுத்தை பகலில் விலகியிருந்து இரவில் திரும்புகிறது. இறகு முளைத்த பறவைக்குஞ்சு பறக்கப் பழகும் நாட்களில் தரையில் அமர்ந்திருப்பதும், பெற்றோர் அருகிலிருந்து அதற்கு இரையூட்டுவதும் இயல்பானவை. இத்தகைய குட்டியை இரக்கத்தால் வீட்டுக்கு எடுத்துச் செல்பவர் அதைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்காக இருந்தால் அது குற்றமும் ஆகும். ஆகவே தொடாமல் விலகி நின்று வனத்துறைக்குத் தெரிவிப்பதே செய்யத்தக்கது. 2023 டிசம்பரில் ஆனைமலைப் புலிகள் காப்பகப் பகுதியில் தாயைப் பிரிந்து நின்ற சில மாத யானைக்குட்டியைத் தமிழ்நாடு வனத்துறையினர் முகாமுக்குக் கொண்டுசெல்லாமல், டிரோன் உதவியால் கூட்டம் இருக்குமிடத்தைத் தேடி, குட்டியின் மேல் படிந்த மனித வாடை போகக் குளிப்பாட்டிச் சேறு பூசி, அதே கூட்டத்தோடு சேர்த்துவிட்டனர். தாயினும் சிறந்த ஆசிரியர் எந்த மறுவாழ்வு மையத்திலும் இல்லாததால், தாயிடம் சேர்ப்பதற்கான வழிகள் எல்லாம் அடைபட்ட பின்னரே மற்றவற்றைப் பற்றி எண்ண வேண்டும்.

அமூர் புலி என்றும் சைபீரியப் புலி என்றும் அழைக்கப்படும் புலிகளில் பெரும்பாலானவை ரஷ்யாவின் பசிபிக் கரையை ஒட்டிய சிகோட்டே-அலின் மலைத்தொடரில் வாழ்கின்றன. கட்டுப்பாடற்ற வேட்டையால் 1940-களில் அவற்றின் எண்ணிக்கை நாற்பதுக்கும் கீழே சுருங்கியிருந்தது. 1947-இல் சோவியத் அரசு புலிவேட்டையைத் தடைசெய்த பின்னர் அது மெல்ல மீண்டு இன்று சில நூறாக வளர்ந்துள்ளது. எனினும் அமூர் ஆற்றை ஒட்டி மேற்கே விரியும் பழைய வாழிடங்களில் காடு இருந்தும், அதில் காட்டுப்பன்றியும் மானும் இருந்தும், பல பத்தாண்டுகளாகப் புலிகள் நிலைத்து வாழவில்லை. மறுபுறம், சிகோட்டே-அலினில் கள்ளவேட்டைக்குத் தாய் பலியாகும்போதெல்லாம் அதன் குட்டிகள் கடுங்குளிரில் பசித்து மடிந்தன, அல்லது ஊர்ப்புறத்துக்கு வந்து பிடிபட்டு விலங்குக் காட்சிசாலைகளில் வாழ்நாளைக் கழித்தன. ஓரிடத்தில் யாருக்கும் பயனின்றி வீணாகும் குட்டிகளையும், மற்றோரிடத்தில் புலியின்றிக் கிடக்கும் காட்டையும் இணைத்துப் பார்த்ததே இம்முயற்சியின் அடிப்படை. அதனால் இங்கே ஒரு குட்டியின் உயிரைக் காப்பதும் ஓர் இனத்தின் பரப்பை விரிப்பதும் ஒரே வேலையாயின. எல்லா மீட்புப் பணிகளுக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை.

2012 பிப்ரவரியில் ரஷ்யாவின் பிரிமோரியே வட்டாரத்தில், பனியில் சோர்ந்து கிடந்த சில மாதப் பெண்குட்டி ஒன்றை வேட்டைக்காரர்கள் கண்டனர். எலும்பும் தோலுமாக மெலிந்திருந்த அதன் வால்நுனி உறைபனியால் அழுகியிருந்ததால் அப்பகுதி அறுவை செய்து நீக்கப்பட்டது. சோலுஷ்கா என்று பெயரிடப்பட்ட அக்குட்டி, அலெக்சேயெவ்கா என்ற சிற்றூரின் அருகே அப்போது அமைக்கப்பட்டுவந்த மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மருத்துவம் முடிந்த நாளிலிருந்து மனிதர் செய்ய வேண்டியதாக இருந்த முதல் வேலை, அக்குட்டியின் பார்வையிலிருந்து தம்மை முற்றிலும் அகற்றிக்கொள்வது.

அம்மையத்தின் அமைப்பே அந்நோக்கத்துக்காகத் திட்டமிடப்பட்டது. இயற்கையான மரமும் புதரும் புல்லும் கொண்ட விரிந்த அடைப்புகள். அவற்றைச் சுற்றி, ஊடே பார்க்க முடியாதபடி மூடப்பட்ட உயரமான வேலி. உள்ளே நடப்பவற்றைக் காண்பதற்குக் கேமராக்கள். இரையைக் கொண்டுவருபவர் எவர் என்று குட்டிக்குத் தெரியாதபடி இரை உள்ளே நுழைவதற்கான தனி வழிகள் என எல்லாமே மனிதரை மறைப்பதற்காக அமைந்தவை. இதன் தேவையை விளங்கிக்கொள்ள விலங்கு நடத்தையியலின் இரண்டு கருத்துகள் உதவும். பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ தனக்கு உணவும் காப்பும் தரும் உயிரைத் தன் இனமாகவே விலங்கின் மூளை ஏற்றுக்கொள்வது உருப்பதிவு எனப்படும். பறவைகளில் இது மிக வலிமையானது. ஒரு பொருளையோ உயிரையோ தீங்கின்றித் திரும்பத் திரும்பக் காண்பதால் அதன்மேல் இருந்த அச்சம் தேய்ந்துபோவது பழகிப்போதல் எனப்படும். இது எந்த வயதிலும் நிகழும். புலிக்குட்டியின் வகையில் இரண்டாவதே பெரிய இடர். மனிதரைக் கண்டு விலகாத புலி வயலோரத்திலும் சாலையோரத்திலும் நிற்கும். அங்கே அது சுடப்படும், அல்லது ஒருவரைக் கொல்லும். மனித உருவமும் உணவின் வருகையும் குட்டியின் நினைவில் ஒருமுறை இணைந்துவிட்டால் அந்த இணைப்பைப் பின்னர் அறுப்பது மிகக் கடினம். அன்போடு தடவிக்கொடுத்து வளர்க்கும் ஒவ்வொரு நாளும் குட்டி காட்டுக்குத் திரும்பும் வாய்ப்பிலிருந்து ஒரு நாள் கழிகிறது என்று சொன்னால், குறைந்தபட்சம் தனித்து வாழும் ஊனுண்ணிகளைப் பொறுத்தவரை, அது மிகையாகாது.

மனிதர் மறைந்தபின் வேட்டையை யார் கற்பிப்பது என்ற கேள்வி எழும். பதுங்குதல், பின்தொடர்தல், பாய்தல் ஆகியவற்றின் வித்துகள் குட்டியின் உள்ளுணர்விலேயே இருக்கின்றன. தாயில்லாத குட்டியும் அசையும் இலையைக் கண்டால் தாழ்ந்து பதுங்கும். உள்ளுணர்வு தராதது திறமை. எவ்வளவு தொலைவிலிருந்து பாய்ந்தால் இரை தப்பாது, கழுத்தின் எந்த இடத்தைப் பற்றினால் அது விரைவில் அடங்கும், கொம்புக்கும் கோரைக்கும் தன் உடலைக் காட்டாமல் எப்படி நெருங்குவது என்பவற்றைப் பலமுறை தவறியே குட்டி கற்கிறது. காட்டில் அத்தவறுகளின் விலையைத் தாய் தன் வேட்டையால் ஈடுசெய்கிறது. மையத்தில் அந்த ஈடு மறைவாக வைக்கப்படும் இறைச்சி. எனவே முதலில் முயல் போன்ற சிறிய உயிர்களும், குட்டி வளர வளரச் சிக்கா மானும் காட்டுப்பன்றியும் அடைப்புக்குள் விடப்பட்டன. காட்டுப்பன்றி எளிய இரை அன்று. வளர்ந்த ஆண்பன்றி தன் கோரைப்பல்லால் இளம்புலியைக் கிழித்துவிட வல்லது. எனினும் வெளியே அதன் உணவில் பெரும்பங்கு பன்றியும் மானுமாகவே இருக்கப்போவதால், அவற்றை முதன்முறையாக எதிர்கொள்வது காட்டிலாக இருப்பதைவிடக் கண்காணிப்புள்ள அடைப்புக்குள்ளாக இருப்பதே நல்லது.

வேலிக்குள் அடைபட்ட உயிரை மற்றொன்றுக்கு இரையாக்குவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு; அக்கேள்வி நேர்மையானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தப்பியோட வழியில்லாத மானின் துன்பம் உண்மையானது. ஆயினும் வேட்டையாடத் தெரியாத புலியைக் காட்டில் விடுவது அப்புலியைப் பட்டினிக்கோ ஊர்க்கால்நடைகளின் பட்டிக்கோ அனுப்புவதாகும். இரைவிலங்கு ஓடவும் ஒளியவும் இடமுள்ள அளவுக்கு அடைப்பை விரிவாக்குவது, தேவைக்கு மேல் ஒரு முறைகூட உயிருள்ள இரையை விடாதிருப்பது, பார்வையாளர்களையும் படப்பிடிப்பையும் அறவே விலக்குவது ஆகிய கட்டுப்பாடுகளுடன் மட்டுமே இப்பயிற்சி ஏற்கத்தக்கது. வேடிக்கைக்காக இதைச் செய்யும் இடம் மறுவாழ்வு மையம் என்ற பெயருக்குரியதன்று.

மருத்துவரின் வேலையும் இங்கே தலைகீழாகிறது. மருத்துவமனையில் நோயாளியை அடிக்கடி பார்ப்பது நன்று. இங்கே அடிக்கடி நெருங்குவதே தீங்கு. எனவே எடை, குருதி மாதிரி, பல், நகம், ஒட்டுண்ணி, இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை ஆகிய அனைத்தையும் ஒரே மயக்க ஊசியின் போது முடித்துக்கொள்ளும்படி திட்டமிட வேண்டும். உடைந்த கோரைப்பல், குறைந்த பார்வை, சரியாகக் கூடாத எலும்பு ஆகிய ஒவ்வொன்றும் விடுவிப்பையே தடுக்கக்கூடியவை. தொற்றுநோய்ச் சோதனைக்கு இன்னொரு காரணமும் உண்டு: மீட்கப்பட்ட விலங்கு வீட்டு விலங்குகளின் நோயைக் காட்டுக்குள் சுமந்துசெல்லலாம். நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் 1994-இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்தது. அதே நோய் சிகோட்டே-அலின் புலிகளையும் கொன்றிருப்பது பின்னர் உறுதியாயிற்று. அது மூளையைத் தாக்கும்போது புலி மனிதரைக் கண்டு விலகும் இயல்பை இழந்து ஊருக்குள் வந்துவிடுகிறது என்பதால், பழக்கத்தால் அச்சம் இழந்த விலங்கையும் நோயால் அச்சம் இழந்த விலங்கையும் பிரித்தறியும் திறமை இத்துறை மருத்துவருக்கு இன்றியமையாதது.

மனிதர் மறைந்திருக்க வேண்டும் என்ற விதியை எல்லா விலங்குக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. கூட்டமாக வாழும் யானையின் குட்டி தனிமையாலேயே இறந்துபோகும். கென்யாவில் தாயற்ற யானைகளுக்கான காப்பகம் நடத்திய டாப்னி ஷெல்ட்ரிக், பசும்பால் ஒத்துக்கொள்ளாத யானைக்குட்டிகளுக்கென மனிதக் குழந்தைகளுக்கான பால்மாவில் தேங்காய் எண்ணெய் சேர்த்த கலவையைப் பல ஆண்டு முயற்சிக்குப் பின் கண்டறிந்தார். அதைவிட அருமையான கண்டுபிடிப்பு, குட்டி ஒரே ஒருவரோடு ஒட்டிக்கொண்டால் அவர் சில நாள் இல்லாதபோது ஏக்கத்தாலேயே உணவை மறுத்து இறந்துவிடக்கூடும் என்பது. ஆகவே அங்கே பராமரிப்பாளர்கள் குட்டிகளோடு இரவில் படுத்துறங்கினாலும், ஒவ்வொரு இரவும் ஆள் மாற்றப்படுகிறார்; குட்டி ஒரு குடும்பத்தைப் பெறுகிறது, ஒரு தனிமனிதரின் உடைமையாவதில்லை. சற்று வளர்ந்தபின் அவை சாவோ தேசியப் பூங்காவுக்கு மாற்றப்பட்டு, முன்னர் அங்கே விடப்பட்ட யானைகளோடும் காட்டு யானைகளோடும் தாமே கலந்து, தாம் விரும்பிய ஆண்டில் பிரிந்து செல்கின்றன.

இலங்கையின் உடவளவையில் வனசீவராசிகள் திணைக்களம் 1995-இல் தொடங்கிய யானைகள் இடைத்தங்கல் முகாம் இதே நோக்கத்துக்கு வேறொரு வழியைத் தேர்ந்தது. அங்கே குட்டிகளுக்குக் குறித்த நேரங்களில் பால் புகட்டப்படுகிறது. மற்ற நேரம் முழுவதும் அவை தமக்குள்ளேயே கூட்டமாகக் காட்டில் மேய்கின்றன. பார்வையாளர்கள் தொலைவில் உள்ள மேடையில் நின்று பார்க்கலாமே தவிரத் தொட முடியாது. ஏறத்தாழ ஐந்து வயதானதும் ஒன்றோடொன்று பழகிய யானைகள் ஒரே குழுவாகக் காட்டில் விடப்படுகின்றன. 1998-இல் நடந்த முதல் விடுவிப்புக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் இவ்வாறு காடு திரும்பியுள்ளன. மாறாக, 1975-இல் தொடங்கிய பின்னவளை யானைகள் காப்பகத்தின் யானைகள் மனிதரோடு நெருங்கிப் பழகி அங்கேயே வாழ்கின்றன. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே இனத்துக்காக உள்ளவை. முதல் நாளிலிருந்து பின்பற்றப்படும் நடைமுறையே யானையின் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கரடியின் வகையில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு முறைகள் பயன் தந்துள்ளன. அருணாசலப் பிரதேசத்தின் பக்கே காட்டை ஒட்டிய மையத்தில், தாயற்ற ஆசியக் கருங்கரடிக் குட்டிகளைப் பராமரிப்பாளர் நாள்தோறும் காட்டுக்குள் நடத்திச் செல்கிறார். குட்டிகள் மரமேறவும், எந்தப் பழத்தையும் புழுவையும் உண்ணலாம் என்று அறியவும் பழகி, வளர வளர அவரைவிட்டு விலகிப்போகின்றன. ரஷ்யாவின் புபோனித்சி ஊரில் வலெந்தின் பஜெத்னோவ் 1990-களில் வகுத்த முறையிலோ, பழுப்புக் கரடிக்குட்டிகளின் அருகில் எவரும் வாய்திறந்து பேசுவதே கிடையாது. உணவு வைப்பவரின் முகமும் உடலும் மூடிய ஒரே வகை ஆடையில் மறைந்திருக்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காண்டோர் என்ற பெரும்பிணந்தின்னிக் கழுகின் கதை இன்னும் நுட்பமானது. 1987-இல் எஞ்சியிருந்த 27 பறவைகளும் காப்பிடங்களில் சேர்க்கப்பட்டுவிட்டன. அவற்றின் குஞ்சுகளுக்குக் காண்டோரின் தலைபோல் செய்யப்பட்ட கையுறைப் பொம்மையால் உணவூட்டப்பட்டது. 1992 முதல் வெளியே விடப்பட்ட அப்பறவைகளில் சில மனிதரையும் கட்டடங்களையும் தேடிவந்தன. சில மின்கம்பிகளில் மோதி இறந்தன. மனித முகத்தை மறைத்தது மட்டும் போதவில்லை. பெரிய காண்டோர்கள் இளம்பறவைகளைக் கொத்தி விரட்டி அடக்கும் ஒழுங்கைப் பொம்மையால் கற்பிக்க முடியவில்லை. அதன்பின் வளர்ந்த காண்டோர்கள் இளம்பறவைகளோடு சேர்த்து அடைக்கப்பட்டன. உட்கார்ந்தால் இலேசான மின்னதிர்ச்சி தரும் போலி மின்கம்பங்கள் அடைப்பில் நடப்பட்டன. கம்பங்களைத் தவிர்க்கக் கற்ற பறவைகளிடையே மின்கம்பிச் சாவுகள் குறைந்தன. ஆனால் வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற உடல்களில் தங்கியிருக்கும் ஈயக்குண்டின் நஞ்சைத் தவிர்க்க எந்தப் பறவைக்கும் பயிற்சி தர இயலாது. அங்கே பயிற்சி பெற வேண்டியவர்கள் மனிதர்களே.

எந்தப் பயிற்சி உண்மையில் உதவுகிறது என்பதை ஊகத்தால் முடிவுசெய்யக் கூடாது. அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் கருங்கால் ஃபெரட் என்ற கீரி போன்ற சிறு ஊனுண்ணியின் வகையில், வளைகள் தோண்டிய திறந்தவெளி அடைப்பில் தன் இயல்பான இரையோடு வளர்ந்தவை கூண்டில் வளர்ந்தவற்றைவிடக் காட்டில் அதிகம் பிழைத்தன. பிரேசிலின் அட்லாண்டிக் காட்டுக்கு 1984 முதல் அனுப்பப்பட்ட தங்கநிறத் தமரின் குரங்குகளின் வகையிலோ முடிவு வேறு. காட்சிசாலைகளில் அசையாத கட்டைகளில் ஏறிப் பழகிய அவை வளையும் கிளைகளில் தடுமாறின; உணவைத் தேட அறியாமல் திகைத்தன; பல இறந்தன. விடுவிப்புக்கு முன் அளித்த பயிற்சி அவற்றின் வாழ்நாளைப் பெரிதாக நீட்டவில்லை. விடுவித்தபின் காட்டிலேயே மாதக்கணக்கில் உணவும் கூட்டுப்பெட்டியும் வைத்து, வழிதவறியவற்றைத் தேடிக் கொண்டுவந்து துணைநின்றதே உதவியது. அவற்றுக்குக் காட்டில் பிறந்த குட்டிகள் பெற்றோரைவிட நன்றாகவே பிழைத்தன. இவ்வாறு விடுவித்தபின் உணவும் காப்பும் தந்து படிப்படியாக விலகுவது மென்விடுவிப்பு என்றும், கதவைத் திறந்ததும் அனைத்துத் துணையையும் நிறுத்துவது நேர்விடுவிப்பு என்றும் கூறப்படும். யானைக்கும் குரங்குக்கும் முன்னது ஏற்றது. உணவு வைத்தால் மனிதரைத் தேடிவரக்கூடிய புலிக்குப் பின்னதே பொருந்தியது.

இனிப் புலிகளுக்குத் திரும்பலாம். விடுவிக்கும் வயதும் பருவமும் இடமும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. காட்டில் புலிக்குட்டிகள் ஏறத்தாழ ஒன்றரை வயதில் தாயைப் பிரிந்து தமக்கென்று ஓர் எல்லையைத் தேடிப் புறப்படுகின்றன. அலெக்சேயெவ்காவிலும் அதே வயதிலேயே கதவு திறக்கப்பட்டது. பனி உருகி உடல் வெப்பத்தைக் காப்பதற்கான செலவு குறைந்து, இளம் இரைவிலங்குகளும் கிடைக்கும் இளவேனிற் காலமே பருவமாகக் கொள்ளப்பட்டது. இடத்தைப் பொறுத்தவரை, ஏற்கெனவே புலிகள் எல்லை வகுத்துக்கொண்ட காட்டில் புதிய புலியை விட்டால் சண்டையில் அது இறக்கலாம். புலிகள் நிலைத்து வாழாத, ஆனால் இரை நிறைந்த காடு என்றால் அந்த இடர் மிகக் குறைவு. 2013 மே மாதம் சோலுஷ்கா யூதத் தன்னாட்சி வட்டாரத்தின் பஸ்தாக் காப்பகத்தில் விடுவிக்கப்பட்டது. அங்கே முன்னரே தனியாகத் திரிந்துகொண்டிருந்த ஆண்புலி ஒன்றோடு அது இணைந்தது; 2015-இல் அது குட்டிகளோடு நடமாடுவது தானியங்கிக் கேமராவில் பதிவாயிற்று.

அதற்கு முன்பே, 2014-இல், மேலும் ஐந்து இளம்புலிகள் அமூர் ஆற்றுப் பகுதியில் விடுவிக்கப்பட்டன. அவற்றுள் போரிஸ் என்ற ஆணும் ஸ்வெத்லயா என்ற பெண்ணும் வெவ்வேறு தாய்களின் குட்டிகளாக மீட்கப்பட்டு மையத்தில் வளர்ந்தவை. விடுவிக்கும்போது இரண்டுக்கும் இடையே 160 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் தனித்துத் திரிந்த போரிஸ், பின்னர் ஏறத்தாழ 200 கிலோமீட்டரை நேர்கோடு போன்ற பாதையில் கடந்து ஸ்வெத்லயா இருந்த இடத்தை அடைந்தது. அடுத்த ஆறு மாதத்தில் அவற்றுக்குக் குட்டிகள் பிறந்தன. அந்த ஆண்புலி எதை அறிந்து அத்திசையைத் தேர்ந்தது என்பதற்கு எந்தக் கழுத்துப்பட்டையும் விடை சொல்லாது.

அதே தொகுதியைச் சேர்ந்த உஸ்தின் என்ற ஆண்புலியின் வரலாறும் அதே கவனத்தோடு படிக்கத்தக்கது. அது எல்லை ஆற்றைக் கடந்து சீனாவுக்குள் சென்று, ஆட்டுத் தொழுவம் ஒன்றில் ஒரே இரவில் 13 ஆடுகளைக் கொன்றது. பின்னர் தானாகவே ரஷ்யாவுக்குத் திரும்பியும் மனிதர் வாழும் இடங்களை விட்டு விலகாததால் பிடிக்கப்பட்டு விலங்குக் காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டது. இவ்வாறு வளர்க்கப்பட்டுக் காட்டுக்கு அனுப்பப்பட்ட 13 புலிகளின் நடமாட்டத்தையும் உணவையும் ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 12 புலிகள் காட்டு விலங்குகளையே வேட்டையாடி, பிறந்தது முதல் காட்டில் வாழும் புலிகளுக்கு ஒப்பாக வாழ்ந்தன என்று காட்டியது. தோல்வியுற்ற ஒன்றை மறைக்காமல் எண்ணிக்கையில் சேர்த்ததாலேயே மற்றப் பன்னிரண்டின் வெற்றி நம்பத்தக்கதாகிறது. ஒரே மையத்தில் ஒரே முறையில் வளர்ந்தும் ஒரு விலங்கு மாறுபட்டுப் போகலாம் என்பதால், விடுவிக்கும் ஒவ்வொரு திட்டமும் அதைத் திரும்பப் பிடிப்பதற்கான ஏற்பாட்டையும், இழப்புக்கு உள்ளாகும் ஆட்டுக்காரருக்கு உடனடி ஈட்டுத்தொகையையும் முன்கூட்டியே கொண்டிருக்க வேண்டும். பக்கத்து ஊர்மக்களிடம் பேசாமல் விடப்படும் புலி எவ்வளவு நன்றாக வேட்டையாடினாலும் ஆயத்தம் நிறைவுற்றதாகாது.

இந்தியாவிலும் இவ்வழி அறியப்படாததன்று. கான்ஹா காட்டில் தாயை இழந்து, அங்கேயே விரிந்த அடைப்பில் இரைபிடிக்கப் பழகி வளர்ந்த இரண்டு பெண்புலிகள், 2009-ஆம் ஆண்டுக்குள் புலிகளை முற்றிலும் இழந்திருந்த பன்னா புலிகள் காப்பகத்துக்கு 2011-இல் அனுப்பப்பட்டன; அவற்றுள் ஒன்று அங்கே குட்டிகள் ஈன்று, மனிதர் வளர்த்த புலி காட்டில் தாயாக முடியும் என்பதை நாட்டுக்குக் காட்டியது. எனினும் இத்தகைய முயற்சி பெரும் பொருளையும் ஆண்டுக்கணக்கான உழைப்பையும் கோருவது. அதே பொருளில் கள்ளவேட்டைத் தடுப்புக் காவலர்களை அமர்த்தினால் தாய்ப்புலிகளே சாகாமல் காக்கப்படும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. தாயைக் காப்பது எப்போதும் முதலிடம் பெற வேண்டும். ஆனால் தாய் இறந்துவிட்ட பின் எஞ்சும் குட்டியைக் கூண்டுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. உடற்குறையாலோ மனிதரோடு ஆழப் பழகிவிட்டதாலோ திரும்ப முடியாத விலங்குகளும் இருக்கும். அவற்றைக் கட்டாயமாகக் காட்டில் தள்ளுவது கருணை அன்று. அவற்றுக்கு வாழ்நாள் முழுதும் நல்ல காப்பிடம் தருவது கடமை. அம்முடிவைத் துணிந்து எடுப்பதும் மறுவாழ்வு மருத்துவரின் பொறுப்பே.

கதவு திறந்த பிறகு நடக்கும் வேலையே இத்துறையில் நுழையும் இளைஞர்களுக்கு முதலில் கிடைப்பது என்பதால் அதைப் பற்றியும் அறிந்துவைப்பது நன்று. புலியின் கழுத்தில் உள்ள பட்டை செயற்கைக்கோள் வழியாக அதன் இருப்பிடத்தைக் குறித்த நேரங்களில் அனுப்புகிறது. வரைபடத்தில் புள்ளிகள் நீண்ட கோடாக விரிந்தால் புலி நடந்துகொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் பல புள்ளிகள் குவிந்தால் அங்கே அது ஓய்ந்திருக்கலாம், அல்லது இரையை வீழ்த்தி உண்டுகொண்டிருக்கலாம். அது அங்கிருந்து வெகுதொலைவு சென்றுவிட்டது என்பதைப் பட்டை உறுதிசெய்த பின்னரே ஆய்வாளர்கள் அவ்விடத்துக்கு நடந்து சென்று, புதரில் சிதறிய எலும்பு, தாடை, குளம்பு, மயிர் ஆகியவற்றைத் திரட்டி, இரை எந்த இனம், என்ன வயது, எத்தனை நாளுக்கு ஒன்று வீழ்ந்தது என்று குறிக்கின்றனர். போரிஸும் ஸ்வெத்லயாவும் மானையும் பன்றியையும் உண்டு வாழ்ந்தன என்ற ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் இத்தகைய பல நடைகள் உள்ளன. ஒரு தாடையெலும்பைக் கையில் எடுத்ததும் அது மானுடையதா பன்றியுடையதா, பல்லின் தேய்மானத்தைக் கொண்டு அதன் வயது என்ன என்று சொல்லும் பயிற்சியைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் கூடத்தில் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்